அலர்ட் சாவியால கையெழுத்துப் போட்ட மெயில், நம்பலாமா?

கேள்வி:
வணக்கம். பழைய லேப்டாப்ல ரெண்டு வருஷமா பிட்காயின் கோர் நோட் (பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்குற மென்பொருள்) ஓட்டுறேன். நேத்து ராத்திரி ஒரு மெயில்: "உங்கள் பதிப்பில் ஓட்டை உள்ளது, 24 மணி நேரத்துக்குள் புதுப்பிக்கவும்." பிட்காயின் அலர்ட் சாவியால டிஜிட்டல் கையெழுத்துப் போட்டிருக்குன்னும் போட்டிருந்தது. சரிபார்த்தேன், கையெழுத்து ஒத்துப்போகுது. கோப்பை இறக்கிட்டேன், இன்னும் திறக்கலை. அப்பாவோட பணமும் இந்த வாலட்லதான் இருக்கு, பயமா இருக்கு.

பதில் 1:
திறக்காதீங்க!

பதில் 2:
தம்பி, கையெழுத்து ஒத்துப்போறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 2010 ஆகஸ்ட்ல 74638-ஆம் பிளாக்ல (பரிவர்த்தனைத் தொகுப்புல) 18,400 கோடி காயின் திடீர்னு முளைச்சது. அதுக்கப்புறம்தான் எல்லா நோட்டுக்கும் ஒரே நேரத்துல சேதி அனுப்ப பிட்காயினை உருவாக்கின சடோஷி இந்த அலர்ட் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 2016-ல 0.13 பதிப்போட அதை எடுத்துட்டாங்க. 2018 ஜூலையில அந்தச் சேதிகள்ல கையெழுத்துப் போடுற ரகசிய சாவியையே ஊரறிய வெளியிட்டாங்க. இப்போ யார் வேணா அதால கையெழுத்துப் போடலாம்.

வாலட்டுக்குள்ளயே சேதி வந்தாலும் நம்பிடாதீங்க. 2018 டிசம்பர்ல எலக்ட்ரம் வாலட்ல, திருடங்க நடத்தின சர்வர்கள் "அப்டேட் பண்ணுங்க"ன்னு போலி லிங்க் காட்டுச்சு. 200 காயினுக்கு மேல போச்சு.

அதுக்காக அப்டேட்டே வேண்டாம்னு உட்காரவும் கூடாது. 2018 செப்டம்பர்ல கோரோட 0.16.3 பதிப்பு வந்தப்போ, நோட்டை முடக்குற பிழைன்னு மட்டும்தான் முதல்ல சொன்னாங்க. இல்லாத காயினை உருவாக்கவும் முடியும்ங்கறது ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய வந்தது. அதனால யார் எச்சரிச்சாலும் நான் என் வழியிலதான் போவேன். கோர் தளத்தோட முகவரியை நானே டைப் பண்ணுவேன். பாதுகாப்பு அறிவிப்புக்கு அங்க தனிப் பக்கமே இருக்கு.

கோப்போட ஹேஷ் (கோப்புல ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற அடையாளக் குறியீடு) பட்டியலையும் அதோட கையெழுத்துக் கோப்பையும் சேர்த்து இறக்குங்க. 22.0-லேர்ந்து அந்தப் பட்டியல்ல பல பேர் கையெழுத்துப் போடுறாங்க. அதுல மூணு பேரோட கைரேகை எண்ணை (அவங்க சாவியை அடையாளம் காட்டுற குறியீடு) என் டைரியில எழுதி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் 40 எழுத்து. வீட்டுக்காரி நாலு நாலு எழுத்தா வாசிப்பாங்க, நான் திரையில விரல் வச்சுப் பார்ப்பேன். மூணும் சரியா வந்து, இறக்கின கோப்போட ஹேஷும் பட்டியலோட ஒத்துப்போனாத்தான் இன்ஸ்டால்.

பதில் 3 (கேட்டவர்):
அண்ணா, ஜிபிஜி (கையெழுத்தைச் சரிபார்க்குற மென்பொருள்) "குட் சிக்னேச்சர்"னு சொல்லுது, ஆனா கீழயே "வார்னிங், இந்தச் சாவி நம்பகமானதுன்னு சான்று இல்லை"ங்குது?

பதில் 4 (பதில் 2 எழுதியவர்):
அது வரும் தம்பி. அந்தச் சாவியை நம்பலாம்னு உங்க கணினிக்கு நீங்க இன்னும் சொல்லலை, அவ்வளவுதான். கைரேகையை ரெண்டு மூணு இடத்துல பார்த்து ஒப்பிட்டுக்கோங்க. "பேட் சிக்னேச்சர்"னு வந்தா மட்டும் கோப்பை அழிச்சிருங்க.

பதில் 5 (கேட்டவர்):
அப்பா வாசிக்க வாசிக்கப் பார்த்தேன், மூணு சாவியும் சரி. மெயில்ல வந்த கோப்போட ஹேஷ்ல முதல் நாலு எழுத்தே ஒத்துப்போகலை. அழிச்சுட்டேன் அண்ணா.