டயாலிசிஸ் எடுப்பவர்களுக்குக் காலை உணவு சீரியல் (கார்ன்ஃப்ளேக்ஸ் போன்றவை): பாக்கெட்டின் பின்பக்கப் படம் தேவை

பெங்களூரு நண்பர்களே, வணக்கம். சிறுநீரக நோயாளிகள் சாப்பிடக்கூடிய சீரியல்களைப் பட்டியல் போடுகிறோம். வீட்டில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் சேர்மானங்கள் அச்சடித்த இடத்தைப் படமெடுத்துப் போடுங்கள். முன்பக்கம் வேண்டாம்.

சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உடம்பில் தேங்கிவிடும். சேர்மானங்களில் 339, 340, 341, 450, 451, 452 என்ற எண்கள் இருந்தால் பாஸ்பேட் (பாஸ்பரஸ் உள்ள உப்பு) சேர்த்திருக்கிறார்கள். தானியத்தில் இயல்பாக உள்ள பாஸ்பரஸ் முழுதாக உடம்பில் சேராது. இப்படிச் சேர்த்தது பெரும்பகுதி சேர்ந்துவிடும். 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவைப் பல பாக்கெட்டுகளில் போடுவதே இல்லை, அதனால்தான் எண்களைத் தேடுகிறோம். சோடியம் அளவும் படத்தில் தெரியட்டும்.

உலர்திராட்சை, பாதாம் போட்ட மியூஸ்லி, தவிட்டு சீரியல் படங்கள் வேண்டாம். சத்தானது என்று நம்பி வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பொட்டாசியமும் பாஸ்பரஸும் அவற்றில்தான் அதிகம். சாதா கார்ன்ஃப்ளேக்ஸ் 30 கிராம், பால் 100 மில்லி என்பது ஓரளவு பாதுகாப்பான கிண்ணம். ஆளுக்கேற்ற அளவை டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும். அந்தப் பாலையும், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: மல்லேஸ்வரம், அல்சூர் பக்கம் உப்புப் போடாத பொரி எந்தக் கடையில் கிடைக்கும்? வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.