நாலு திட்டம், ஒரு பட்ஜெட்: மதிப்பெண் போட்டால் வைஃபை ஜெயிக்குது
(மூவர் உரையாடல்: லயத்துக்காரன், பழைய கிராணி, வரைபடம் என்ற பெயர்களில்)

லயத்துக்காரன்
மலேசியாவில் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன டவுன். மஜ்லிஸிடம் (உள்ளூராட்சி மன்றம்) கொடுக்க நாலு யோசனை: லோங்காங்கில் (வடிகால்) நீர்மட்ட சென்சார், லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பஸ் நிறுத்தம் வரை விளக்கோடு நடைபாதை, கடைவீதியில் சிசிடிவி, பாடாங்கில் (ஊர்த் திடல்) இலவச வைஃபை. வெள்ளம், செலவு என்று 5 அளவுகோல், 12 பேர், பத்துக்கு இத்தனை என்று போட்டுக் கூட்டினோம். வைஃபை முதலிடம்! முட்டளவு தண்ணீர் நிற்கிற ஊரில் இது எப்படி?

பழைய கிராணி
தம்பி, பத்துக்குப் போடச் சொன்னால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் 7, 8 தான் போடுவார்கள். அளவுகோல்களின் எடை, அதாவது எது எவ்வளவு முக்கியம் என்பது, சமமாகிவிடும், மலிவானது ஜெயிக்கும்.

கூட்டுவதற்கு முன்பே ஒரு சல்லடை வேண்டும். மூன்றாம் வருஷம் மாதக் கட்டணத்தையும் பழுதையும் யார் பார்ப்பது? பதில் இல்லாத திட்டத்துக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள். வைஃபை அங்கேயே தடுக்கி விழலாம்.

பிறகு, எடை கண்டுபிடிக்க தாமஸ் சாட்டி என்ற ஆய்வாளரின் ஏஎச்பி (AHP) முறை: அளவுகோல்களை இரண்டிரண்டாக வைத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை கேட்பது. 5 அளவுகோலுக்கு 10 ஜோடி. மலேசிய ஸ்மார்ட் சிட்டி கட்டமைப்பின் 7 கூறுகளையும் அப்படியே எடுத்தால் 21 ஜோடி, வேண்டாம்.

பலர் பதிலைச் சேர்க்கும்போது சாதாரண சராசரி போடாதீர்கள். ஒருவர் 4, இன்னொருவர் 1/4 என்றால் இருவரும் சமம் ஆகவேண்டும். சராசரியோ 2.125 காட்டும். பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சரியாக 1.

வரைபடம்
முரண்பாட்டையும் பாருங்கள். வெள்ளம் நடைபாதையைவிட 3 மடங்கு, நடைபாதை செலவைவிட 3 மடங்கு, செலவு வெள்ளத்தைவிட 3 மடங்கு என்று ஒருவர் எழுதினால் முரண் விகிதம் (பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு மோதுகின்றன என்று காட்டும் எண்) சுமார் 1.15. வரம்பு 0.10. அந்தத் தாளைக் குப்பையில் போடாமல், அவரிடமே திரும்பக் கேளுங்கள். பெரும்பாலும் கேள்வி புரியாமல் எழுதியிருப்பார்.

லயத்துக்காரன்
ஐயா, 10 ஜோடி கேட்டால் பாட்டிமார் எழுந்து போய்விடுவார்கள்.

பழைய கிராணி
அப்படியென்றால் ரெஸாயி என்ற ஆய்வாளர் 2015-இல் வெளியிட்ட முறை. எது மிக முக்கியம், எது கடைசி என்று முதலில் சொல்ல வைத்து, மற்றவற்றை அந்த இரண்டோடு மட்டும் ஒப்பிடுவது. 5 அளவுகோலுக்கு 7 கேள்விதான். வாயால் கேட்டு நீங்களே எழுதுங்கள். விடியற்காலையில் பஸ்ஸுக்கு நடக்கும் பெண்களையும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்க்காமல் 12 குழு உறுப்பினரோடு நிறுத்தினால், எந்தச் சூத்திரமும் கடைவீதிக்காரர் விருப்பத்தைத்தான் கணக்காக்கும்.

வரைபடம்
இன்னொன்று, இதில் பலரும் வழுக்குகிறார்கள். "செலவு எவ்வளவு முக்கியம்?" என்று வெறுமனே கேட்கக்கூடாது. நாலு திட்டமும் 3.8 லட்சம் முதல் 4.2 லட்சம் வெள்ளிக்குள் என்றால், அந்த வித்தியாசம் முடிவை மாற்றவே தேவையில்லை. குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்ற வீச்சைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். கடைசியில் ஒவ்வொரு எடையையும் 20% கூட்டிக் குறைத்து, மற்ற எடைகளைச் சரிக்கட்டிப் பாருங்கள். முதலிடம் ஆடினால் மஜ்லிஸுக்கு இரண்டு திட்டத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.