பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்டது

மகளுக்கு ஏழு வயது. உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து மூன்றாவது மாதம், மருத்துவமனை வரிசையில் பழக்கமான ஓர் அக்கா சொல்லித்தான் சேலம் அண்ணா பூங்காவுக்குப் போனேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளின் பெற்றோர் அங்கே கூடுகிறார்களாம். போனேனே தவிர, அவர்களோடு சேர்ந்து உட்காரவில்லை. காற்று வாங்க வந்தவள் போலப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். "பெண் குழந்தை. நாளைக்கு வரன் பார்க்க வேண்டும். வெளியே மூச்சு விடாதே" என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார்.

அழுது புலம்புவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ மாம்பழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மல்கோவா வந்துவிட்டது, எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒருவர் கேட்டார். கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒரு அண்ணன் உள்ளங்கையைக் குவித்துக் காட்டி, "அரை கப் துண்டுக்கு ஏறத்தாழ 15 கிராம் மாவுச்சத்து. அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். மூன்று மாதமாக வீட்டில் மாம்பழம் என்ற பேச்சே எழாமல் காவல் காத்தவள் நான்.

எழுந்து போய், "இரண்டு நாளாக என் மகளுக்கு ரத்தச் சர்க்கரை 350க்குக் கீழே இறங்கவே இல்லை" என்றேன். பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"மருந்தை எங்கே வைக்கிறீர்கள்?"

"ஃப்ரிட்ஜில்."

"எந்தத் தட்டில், கண்ணு?"

சித்திரை வெயிலுக்குப் பயந்து, குளிர்ச்சி கூடினால் நல்லது என்று ஃப்ரீசரில் வைத்திருந்தேன். புட்டி இறுகிக் கிடந்தது. உருக வைத்துப் போட்டேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. உறைந்து போனால் பிறகு நம்பிப் போட முடியாது. அந்த அண்ணன் திட்டவில்லை. தானும் ஒருமுறை வண்டிப் பெட்டியில் வைத்து மதிய வெயிலில் காய விட்டதைச் சொன்னார். அந்த அக்கா ஸ்கூட்டரைக் கிளப்பி, வீட்டுக்குப் போய் மகளை ஏற்றிக்கொண்டு, நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் லேசாக ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்ற நினைப்பை நான் இன்றும் முடிப்பதில்லை.

மின்வெட்டு நாளில் மருந்தை மூடிய டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைப்பதையும் அங்கேதான் கற்றேன்.

ஏற்காட்டிலிருந்து ஓர் அப்பா:

எங்களுக்கு அந்தப் பானை வேண்டியதில்லை. 1,500 மீட்டர் உயரத்தில் மலையே பானை. எங்கள் பாடெல்லாம் கீழே இறங்குவதில்தான். பையனுக்கு ஒன்பது வயது. ஒருநாள் காலையில் ஊசி போட்டு, நான்கு இட்லி கொடுத்து, சேலம் பஸ் ஏறினோம். 20 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, சாப்பிட்டது முழுவதும் வந்துவிட்டது. ஊசி உள்ளே, இட்லி வெளியே. கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறியது. மீட்டரில் சர்க்கரை 52. என் பையில் ஒரு சிட்டிகை சர்க்கரை இல்லை, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். முன் சீட்டுப் பாட்டி ஒருவர் கொடுத்த மாம்பழச் சாற்றை மடக்கு மடக்காகப் புகட்டினேன். கண்டக்டர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். 15 நிமிடம் பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மறுபடி பார்த்தபோது 81.

குழுவில் இதைச் சொன்னதும் ஒரு தங்கை சிரித்துவிட்டார், அவர் மகனுக்கும் மலைப் பாதை ஆகாதாம். அடிவாரம் தாண்டி இறங்கிய பிறகுதான் அவர்கள் ஊசியும் சாப்பாடும் வைத்துக்கொள்கிறார்கள். டாக்டரிடம் கேட்டேன், எங்கள் பையனுக்கும் அப்படியே செய்யலாம் என்றார். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. இப்போது அது எனக்குத் தூக்கத்திலும் வரும்.

அம்மாபேட்டையிலிருந்து, 17 வயது மகனின் அம்மா:

இனிப்பான கதைகளாக வருவதால் ஒன்று சொல்கிறேன். எங்கள் கூட்டத்துக்கு ஒருவர் இலைப் பொடி கொண்டுவந்தார். ஊசியே வேண்டாமாம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிட்ட பிறகு பொடி எதைச் சுரக்க வைக்கும்? ஒரு குடும்பம் நம்பி ஊசியை நிறுத்தியது. குழந்தை தீவிர சிகிச்சையில் பிழைத்தது. அடுத்த மாதம் அவர்கள் தலையைக் குனிந்தபடி வந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தோம், அவ்வளவுதான். பொடிக்காரருக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை.

முதலில் எழுதியவளே மறுபடி:

நேற்று மாமியார் கேட்டார்: "அங்கே வேறு பெண் பிள்ளைகளும் வருகிறார்களா?" நான்கு பேர் என்றேன். மாவாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர்களுடைய பாட்டிமாரும் வருவார்களா?" என்றார்.