குழு நினைவுகூருமா? கூட்டு நினைவுப் பாடம் குறித்து

ஆதிரையன்:
சமூகவியல் துறைகள் கூட்டு நினைவுக்கென, அதாவது கடந்தகாலத்தைக் குழுக்களும் நினைவுகூர்கின்றன என்ற கருத்துக்கென, ஒரு முழுப் பருவத்தை ஒதுக்குவது எனக்கு மிகையாகவே படுகிறது. நினைப்பது தனிமனிதரின் மூளை. குழுவுக்கு மூளை கிடையாது. 1925இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் இக்கருத்தை நூலாக வெளியிட்டதுமே, ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக், தனிமனித உளவியலைக் குழுவின் மேல் ஏற்றுவதில் உள்ள ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். அதற்கு நேரான விடையை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

நன்முல்லை:
ஆதிரையன் அவர்களே, நினைவுகூர்பவர் தனிமனிதரே என்பதை ஹால்ப்வாக்ஸும் மறுக்கவில்லை. எதை, எந்த ஒழுங்கில், யார் பக்கம் நின்று நினைவுகூர்வது என்பதற்கான சட்டகத்தைக் குடும்பமும் சமயமும் வர்க்கமும் தருகின்றன என்பதே அவரது வாதம். இதைக் கற்பிக்கும்போது வாஷிங்டனில் 1982இல் திறக்கப்பட்ட வியட்நாம் போர் நினைவுச் சுவரை எடுத்துக்கொள்கிறேன். நாட்டையே பிளந்த போர் அது. கட்டடக்கலை மாணவி மாயா லின் வரைந்த மூல வடிவமைப்பில் வீர உருவமோ கொடிமரமோ இல்லை. கருங்கல்லில், உயிரிழந்த கால வரிசைப்படி பெயர்கள் மட்டுமே. இன்று அவை 58,000க்கும் மேல். இது அவமதிப்பு என்று கொதித்தவர்களுக்காக 1984இல் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை வந்தது. 1993இல் போரில் பணியாற்றிய பெண்களுக்கான சிலையும் சேர்ந்தது. இந்த இழுபறி எந்த ஒற்றை மூளைக்குள் நடந்தது?

ஆதிரையன்:
அது குழுக்களின் அரசியல், நினைவு அன்று. சிலை வைத்தவர் எண்ணியதைத்தான் பார்ப்பவரும் எண்ணுகிறார் என்பதற்குச் சான்று வேண்டாமா? சமூகவியலாளர்கள் ஷூமனும் ஸ்காட்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கர்கள் தங்கள் பதின்பருவத்திலும் இளமைத் தொடக்கத்திலும் நடந்தவற்றையே பெரிதும் முக்கியமெனக் குறிப்பிட்டனர். அங்கே வேலை செய்தது வயது, கல் அன்று.

நன்முல்லை:
அந்த ஆய்வு சோதித்ததே, இளமையில் பட்ட பொது அனுபவங்களே ஒரு தலைமுறையை உருவாக்குகின்றன என்ற சமூகவியலாளர் கார்ல் மன்ஹைமின் கருத்தைத்தான். தலைமுறை என்பது சமூகப் பொருள் இல்லையா? மேலும், அந்தச் சுவரடியில் மக்கள் கடிதங்களையும் பதக்கங்களையும் காலணிகளையும் தாமாகவே வைத்துச் சென்றார்கள். அவற்றை அமெரிக்க அரசின் தேசியப் பூங்காச் சேவை திரட்டிப் பாதுகாக்கிறது. எந்தக் குழுவும் இப்படிச் செய்யுமாறு தீர்மானம் போடவில்லை.

மணிநீலன்:
இருவருமே கடினமான இடத்தைத் தாண்டிப் போகிறீர்கள். நிகழ்காலம் தன் தேவைக்கேற்பக் கடந்தகாலத்தை எவ்வளவு வளைக்க முடியும்? இயேசு வாழ்ந்த புனித நிலத்தின் தலங்களை ஆராய்ந்த ஹால்ப்வாக்ஸின் 1941ஆம் ஆண்டு நூல், நம்பிக்கைகள் மாற மாற இடங்களின் பொருளும் மாறியதைக் காட்டியது. அமெரிக்க அதிபர் லிங்கனின் புகழை ஆராய்ந்த சமூகவியலாளர் பேரி ஷ்வார்ட்ஸோ, கடந்தகாலம் அவ்வளவு எளிதில் வளையாது என்றார். மாணவர் கட்டுரைகள் பலவும் முதலாமவரோடு நின்று, அதிகாரம் தீர்மானித்தது என்ற ஒரே வரியில் முடிகின்றன. படிக்கவே சலிப்பாக இருக்கிறது. மாறாமல் நின்றது எது, ஏன் என்று கேட்கும் பயிற்சியைப் பேராசிரியர்கள் அரிதாகவே தருகிறார்கள்.

ஆதிரையன்:
சுவரடியில் விடப்பட்ட பொருள்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, எழுதியவர்களின் வயதையும் உறவையும் சேர்த்து ஆராயும் பாடமென்றால் நானே முதல் வரிசையில் அமர்வேன். சிலைகளின் வரலாற்றை மட்டும் வைத்துக்கொண்டு மக்கள் மனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதை இன்னும் ஏற்கவில்லை.