வாசல்ல பவுண்டன் வெச்சிருக்கறவிங்க அனுபவத்தைச் சொல்லுங்க, உப்புத்தண்ணிக்காரங்க முக்கியமா

சூலூர் வாசல்:

இப்ப புதுசா வீடு கட்டறவிங்க முக்காவாசிப் பேரு காம்பவுண்டுக்குள்ள ஒரு பவுண்டன் வேணும்னு நிக்கறாங்க, பால் காய்ச்சற அன்னிக்கு ஒறம்பரை சனமெல்லாம் அது முன்னால நின்னு போட்டோ எடுக்குது, அதெல்லாம் சரிதான். ஆனா ரெண்டு கோடை தாண்டுனதுக்கப்பறம் அதே தெருவுல ஒரு நடை போயிப் பாருங்க, தண்ணி ஓடறது ஒன்னோ ரெண்டோதான் இருக்கும். எங்க தெருவுல ஒரு பவுண்டன்ல கத்தாழை வளருது, இன்னொன்னு செருப்பு வெக்கற எடமாயிருச்சு.

எங்கூட்டுது இன்னும் ஓடுதுங்க. மூணு தட்டு, கருங்கல்லு. ஊத்தறது ஆயிரம் அடி போர்த்தண்ணி, பிரச்சனையே அதுதான். மொதல்ல தட்டோட ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு வந்துச்சு, அப்பறம் தண்ணி வழியற எடமெல்லாம் படிஞ்சு கருங்கல்லு சாம்பக் கலராயிருச்சு, தண்ணி வரத்தும் கொறைஞ்சு போச்சு. வெச்சுக் குடுத்தவரைக் கூப்பிட்டா பம்ப்பு போச்சுங்க மாத்திருங்கன்னாரு, மாத்துனோம், அடுத்த வெயிலுக்கு அதுவும் அதே கதி. எங்கூட்டுக்கார் பழைய பம்ப்பைத் தூக்கிட்டுப் போயி தெரிஞ்ச மோட்டார் கடையில காட்டுனா, அவரு கழட்டிப் பாத்துப்போட்டு பம்ப்பு நல்லாத்தான் இருக்குது தண்ணியை மாத்துங்கன்னுட்டாரு.

அவரு சொன்ன கணக்கு இதுதாங்க. தொட்டியில நூறு லிட்டர் இருக்குது, டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்போட அளவு, ஆயிரம்னு வெச்சுக்கங்க. வெயில்ல அம்பது லிட்டர் ஆவியாப் போயிருது, உப்பு ஆவியாகாது, அப்படியே நிக்கும். மேல அம்பது லிட்டர் அதே போர்த்தண்ணிய ஊத்துனா இப்ப ஆயிரத்தி ஐநூறு. இன்னொருக்கா அதே மாதிரி ஊத்துனா ரெண்டாயிரம். நாம கொறைஞ்சதுக்கு ஊத்தறோம்னு நெனைக்கறோம், உண்மையில உப்பைத்தான் சேத்திட்டே இருக்கறோம். அதுல இருக்கற சுண்ணாம்புச் சத்தைத் தண்ணி தாங்க முடியாம அது கல்லு மேலயும் பம்ப்புக்குள்ளயும் படிஞ்சுருது. அதுக்கப்பறம் கோடையில வாரா வாரம் மொத்தத் தண்ணியும் எறக்கிட்டுப் புதுசா ஊத்தறோம். உப்பு வர்றது நிக்கல, ஆனா தேய்க்கற வேலை பாதியாயிருச்சு. நீங்கெல்லாம் என்ன பண்றீங்க?

கணபதி மோட்டார்:

அக்கா நான் பம்ப் ரிப்பேர் பாக்கறவன், உங்கூட்டுக்கார்கிட்ட சொன்னது நானில்லைங்க, ஆனா சொன்னவரு சரியாச் சொல்லியிருக்காரு. என்கிட்ட வர்ற பவுண்டன் பம்ப்புல எரிஞ்சு போனதை விட உப்பு கட்டி நின்னு போனதுதான் எச்சா. முன்னாடி மூடியத் திருகி எடுத்தா ஒரு காந்த ரோட்டர் இருக்கும், நடுவுல பீங்கான் சாஃப்ட், அவ்வளவுதான் அதுல ஓடற ஐட்டம். உப்புத்தண்ணியில ஓடுனதைத் தொறந்தா சுண்ணாம்பு டப்பாவுக்குள்ள முக்கி எடுத்தாப்புல இருக்கும். ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து அடைஞ்சு போச்சுன்னா ம்ம்ம்னு சத்தம் வரும், சுத்தாது. சத்தம் வருதுன்னா காயில் உசுரோட இருக்குதுன்னு அர்த்தம், தூக்கி எறிஞ்சுறாதீங்க.

மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேளுங்க, குடுப்பாங்க. பிளக்கைப் புடுங்கிப்போட்டு ரோட்டரை வெளிய எடுங்க, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில பெரிய ஸ்பூன்ல ரெண்டு போட்டு ரோட்டரையும் மூடியையும் அதுல ஊறப் போடுங்க, நொரை வரும், நொரை நின்னதும் பழைய டூத்பிரஷ்ல தேச்சா வந்துரும். சாஃப்டைப் பாத்துப் புடிங்க, பீங்கான், கீழ விழுந்தா ரெண்டாயிரும். வினிகரும் ஆகும். பாத்ரூம் கழுவற ஆசிட்டை மட்டும் வேண்டாம், ரப்பர் சீல் போயிரும், பவுண்டன் சிமெண்ட்டாவோ மார்பிளாவோ இருந்தா அதையும் அரிச்சுரும்.

காயில் எரிஞ்சே போச்சுன்னா ரீவைண்டிங் கேக்காதீங்க. நம்மூர்ல எந்த மோட்டாரா இருந்தாலும் சுத்திக் குடுத்துருவோம், இது ஒன்னு முடியாது, காயிலை எபாக்சிப் பசை ஊத்தி மூடியிருப்பான், ஒடைச்சாத்தான் வெளிய வரும்.

இன்னொன்னு, வாங்கும்போது பெட்டி மேல ரெண்டு மீட்டர்னு போட்டிருந்தா ரெண்டு மீட்டர் ஒசரத்துக்குத் தண்ணி ஊத்தும்னு நெனைச்சு வாங்கிட்டு வந்து சண்டை போடறாங்க. அது உச்சம், அந்த ஒசரத்துல ஒரு சொட்டு கூட வெளிய வராது. நாலடி பவுண்டனுக்கு எட்டடி போட்ட பம்ப்பு வாங்கி வால்வுல கொறைச்சு வெச்சுக்கங்க.

வடவள்ளி மஞ்சு:

எங்களுக்கு சிறுவாணித் தண்ணி வருதுங்க, அதுல உப்பே கெடையாது, ஆனா அதைப் பவுண்டன்ல ஊத்துனா எங்க அத்தை என்னையத் தூக்கி அதுல போட்டுருவாங்க. தண்ணி வர்ற அன்னிக்கு டிரம், போசி, குண்டான்னு எல்லாத்துலயும் புடிச்சு வெக்கற வீட்டுல அதெல்லாம் நடக்கற சோலியா!

ஏசியில இருந்து வழியுதே அந்தத் தண்ணியைத்தான் நான் கொறைஞ்சதுக்கு ஊத்தறேன். காத்துல இருக்கற ஈரந்தானே, உப்பு கெடையாது. வெயில்ல எப்ப பவுண்டனுக்குத் தண்ணி எச்சா வேணுமோ அப்பத்தான் ஏசியும் எச்சா ஓடுது, சரியாப் போயிருது. ஆர்ஓ மிஷின்ல வெளிய போற தண்ணியை ஊத்தலாமான்னு பக்கத்தூட்டு அக்கா கேட்டாங்க, ஐயோ வேண்டாம், உப்பைப் பிரிச்சு அதுலதான் தள்ளி உடுது.

அவினாசிப் பக்கம்:

நாங்க கடையில வாங்கலீங்க. எங்க ஆத்தாவோட ஆட்டாங்கல்லு கட்டுத்தரைக்குப் பொறகால கவுத்துக் கெடந்துச்சு, கிரைண்டர் வந்ததுல இருந்து அதை யாரும் தொடல. திருமுருகன்பூண்டியில செலை செய்யற பட்டறைங்க வரிசையா இருக்குதே, அங்க ஒன்னுக்குக் கொண்டு போயி அடியில இருந்து குழி வரைக்கும் பைப் போற அளவுக்கு ஓட்டை போட்டுக் குடுங்கன்னோம். அவரு கல்லைத் தட்டிப் பாத்துட்டு, வெடிப்பு இல்ல தாங்கும்னுட்டு டயமண்ட் பிட் போட்டு தண்ணி ஊத்தி ஊத்தி மெதுவா எறக்குனாரு. அவசரப்பட்டா அடியில சில்லு தெறிச்சுருமாம்.

இதுல முக்கியம் கல்லு இல்ல, அடியில இருக்கற தொட்டிதான். தரையில குழி வெட்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டிய எறக்கி, அதுக்கு மேல கம்பி ஜல்லடை, ஜல்லடை மேல ஆட்டாங்கல்லு, சுத்தியும் கூழாங்கல்லு. குழியில இருந்து தண்ணி பொங்கி கல்லு மேலயே வழிஞ்சு கூழாங்கல்லுக்குள்ள போயிருது. தண்ணி நிக்கற எடம் கண்ணுக்கே தெரியாது. வெயில் படாததால பாசி கம்மி, நாய் எறங்காது, சின்னப் பசங்க விழுந்துருவாங்கன்னு பயமில்ல. ஆவியாப் போறதும் தொறந்த தொட்டிய விடக் கொறைவு, அதனால அக்கா சொன்ன உப்புக் கணக்கும் மெதுவாத்தான் ஏறுது. ஒரு ஓரத்துக் கூழாங்கல்லை மட்டும் கையால அள்ளுற மாதிரி வெச்சுக்கங்க, பம்ப்பை எடுக்க மொத்தத்தையும் பேக்கற மாதிரி கட்டிப்போட்டா அப்பறம் யாரும் பம்ப்பு கழுவ மாட்டாங்க, நின்னு போறது அங்கதான்.

ஆத்தா வந்து பாத்துட்டு, மாவு அரைச்ச கல்லுல தண்ணியக் கொதிக்க உட்டிருக்கறீங்களாடான்னுச்சு. கொதிக்கல ஆத்தா, பம்ப்புன்னு சொல்லியும் வெரலை உட்டுப் பாத்துட்டுத்தான் நம்புச்சு.

உடுமலைக் காத்து:

எங்கூருல உப்பை விட காத்துதான் எதிரி. பாலக்காட்டுக் கணவாய் நேரா எங்க மூஞ்சிக்கே தொறந்திருக்குது, காத்தாடி மில்லு வெக்கற ஊருல போயி மேல பீச்சற பவுண்டன் வெச்சா என்னாகும். வைகாசி கடைசியில ஆரம்பிச்சா ஆடி ஆவணி வரைக்கும் தண்ணி தொட்டிக்குள்ள விழறதை விட காரு மேல விழறதுதான் எச்சா. அந்தத் தண்ணி காஞ்சு காரு பூராவும் வெள்ளைப் புள்ளி, எங்கப்பா பவுண்டனைத் திட்டறாரா என்னையத் திட்டறாரான்னு தெரியாது. சாயந்தரத்துக்குள்ள தொட்டி காலி, பம்ப்பு காஞ்சு ஓடும், அப்பறம் எங்க நிக்கும்.

பீச்சற ஒசரம் தொட்டியோட அகலத்துல பாதிக்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க, காத்தடிக்கற ஊருன்னா அதுலயும் பாதி வெச்சுக்கங்க. இப்ப நாசிலைக் கழட்டிட்டு குமிழி மாதிரி பொங்கறதைப் போட்டுட்டோம், மேல் டேங்குல இருந்து ஒரு லைன் இழுத்து சின்ன மிதவை வால்வும் வெச்சாச்சு, கொறைய கொறைய அதுவே ரொப்பிக்குது. மோட்டார் அண்ணா, இப்படி ரொப்பறதும் உப்புதானுங்க, தெரியுது, வாரம் ஒருக்கா எறக்கிறேன்!

ஈரோடு டீச்சர்:

கொசுவைப் பத்தி யாருமே பேசலயே. கொசு மருந்து அடிக்கறவங்க டார்ச் எடுத்துட்டு வந்து, நேரா பவுண்டன்கிட்ட போயி, நடுத்தட்டுல ஒரு பள்ளத்துல கரண்டிய உட்டு எடுத்துக் காட்டுனாங்க, புழு துள்ளுது. ஓடற தண்ணியில கொசு வராதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க. நாங்க சாயந்தரம் ரெண்டு மணி நேரம் மட்டும் போடறோம், மீதி நேரம் அது தேங்குன தண்ணிதான். ஓடும்போது கூட அந்தப் பள்ளத்துல தண்ணி அசையறதே இல்ல.

டெங்கு கொசு பெரும்பாலும் நல்ல தண்ணி நிக்கற எடத்துலதான் முட்டை போடும், வெயில் காலத்துல முட்டையில இருந்து கொசுவாகறதுக்கு ஏழுல இருந்து பத்து நாள் போதும். முட்டையை தண்ணிக்குள்ள போடாதுங்க, தண்ணி நிக்கற மட்டத்துக்குக் கொஞ்சம் மேல சுவத்துல ஒட்டி வெக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உசுரோட இருந்து மறுபடி தண்ணி பட்டதும் பொரியும். அதனால தண்ணிய எறக்குனா மட்டும் பத்தாது, ஓரத்தை பிரஷ் போட்டுத் தேய்க்கணும். அந்தப் பள்ளத்தை சிமெண்ட் வெச்சு சரி பண்ணியாச்சு. கீழ்த் தொட்டியில கப்பி மீன் உட்டிருக்கறேன். மீன் உட்டவிங்க பாசிக்குன்னு பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம் எதையும் கொட்டிறாதீங்க, பாசிக்கு முன்னால மீன் செத்துரும்.

தடாகம் தோட்டம்:

பவுண்டன் வெச்சா குருவி வரும்னாங்க, வந்துச்சு. தவிட்டுக்குருவி கூட்டமா வந்து குளிச்சுது. அப்பறம் மயிலு வந்து தட்டு மேல ஏறி நின்னு ஒரு தட்டை ஓரமா ஒடைச்சுது. தவளை வந்துச்சு, தவளையத் தேடிட்டு சாரைப்பாம்பு வந்துச்சு, சாரை ஒன்னும் பண்ணாதுன்னு எனக்குத் தெரியும், எங்கூட்டம்மாவுக்குத் தெரியணுமே. இதெல்லாம் கூடப் பரவால்ல. பங்குனியில ஒரு ராத்திரி நாய் கத்தல் தாங்காம ஜன்னல் வழியாப் பாத்தா ஆனை. ஒத்தை ஆனை. மலையடிவாரத்துல வெயில் காலத்துல தண்ணி வாசம் புடிச்சு எறங்கி வரும்னு தெரிஞ்சதுதான், ஆனா பவுண்டனுக்கு வரும்னு யாரு நெனைச்சா. தொட்டித் தண்ணி மொத்தமும் உறிஞ்சிட்டு, காலித் தொட்டிக்குள்ள தும்பிக்கைய உட்டுத் தொழாவி, பம்ப்பை வயரோட இழுத்து வெளிய போட்டுட்டுப் போயிருச்சு. வெளக்கையே போடாம உள்ளயே இருந்தோம்.

விடிஞ்சதும் பம்ப்பைக் கழுவி அட்டைப் பெட்டியில போட்டு பரண் மேல வெச்சாச்சு. அடிவாரத்துல இருக்கறவிங்க ராத்திரியில வெளிய தண்ணி நிக்கற மாதிரி எதையுமே வெக்காதீங்க.

பல்லடம் வயர்மேன்:

எல்லாரும் தண்ணியவே பேசறீங்க, கரண்டைப் பாருங்க. ஒரு வீட்டுல நாய் தெனமும் குடிக்கற தொட்டியில வாய் வெச்சதும் வீல்னு கத்திட்டு ஓடுதுன்னு கூப்பிட்டாங்க. போயிப் பாத்தா செடிக்கு அடியில வயரை ஜாயிண்ட் போட்டு வெறும் இன்சுலேசன் டேப் சுத்தியிருக்குது, அதுவும் அணில் கடிச்ச வயரு. நாய்க்குப் பதிலா கொழந்தை கைய வெச்சிருந்தா?

வெளிய போற லைனுக்குத் தனியா 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, கரண்டு கசிஞ்சா ஒடனே லைனைக் கட் பண்ற சுவிட்சு, அதைப் போடாம பவுண்டனை ஓட்டாதீங்க. லோடு எச்சானா அமந்துக்கற சாதாரண எம்சிபி சுவிட்சு டிரிப் ஆகும்னு நம்பாதீங்க, ஆளைக் கொல்ற கரண்டு அதுக்குத் தெரியவே தெரியாது. ஜாயிண்ட் வந்தே ஆகணும்னா வாட்டர் புரூஃப் பாக்ஸ், தரையில இருந்து ஒசரத்துல. தண்ணிக்குள்ள போடற கலர் லைட்டு 12 வோல்ட்டா வாங்குங்க.

பில்லு ஏறுமான்னு கேக்கறவிங்களுக்கு: 20 வாட் பம்ப்பு தெனம் அஞ்சு மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு ஆறு யூனிட்டுதான். பெரிய பவுண்டன், 100 வாட், எட்டு மணி நேரம்னா 48 யூனிட்டு. அது கொஞ்சம் யோசிக்கணும்.

சென்னிமலைப் பக்கம்:

எங்களுக்கு ஒரத்துப்பாளையம் அணை பக்கம். 92ல கட்டுன அணை, நொய்யல் தண்ணி வரும்னு கட்டுனாங்க, வந்தது சாயத்தண்ணி. 2011ல ஐகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைய மூடச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் தெரியும். எங்க தோட்டத்துப் போர்த்தண்ணிய மாடே மொகந்து பாத்துட்டுத்தான் குடிக்கும், அதைப் பவுண்டன்ல ஊத்துனா எலுமிச்சை உப்பு மூட்டையில வாங்கணும்.

அதனால எங்கூட்டுது மழைத்தண்ணி பவுண்டன். மாடியில இருந்து வர்ற பைப்பை ரெண்டாயிரம் லிட்டர் டேங்குக்குத் திருப்பியிருக்கறோம், மொத மழையை மட்டும் தூசியோட வெளிய உட்டுருவோம். ஐப்பசியில ஆரம்பிச்சா தை வரைக்கும் வரும். டேங்கு காலியாச்சுன்னா பவுண்டன் லீவு. கல்லுல ஒரு வெள்ளைப் புள்ளி கெடையாது.

சூலூர் வாசல்:

லீவு உடறது நல்ல யோசனையா இருக்குதுங்க. மோட்டார் அண்ணா, மாசக்கணக்குல நிறுத்தி வெச்சா பம்ப்பை என்ன பண்றது? அப்பறம் எறக்கற தண்ணியச் செடிக்கு உடலாமா?

கணபதி மோட்டார்:

தண்ணிக்குள்ளயே உட்டுட்டு ஸ்விட்சை மட்டும் அமத்தி வெக்காதீங்கக்கா, உப்பு இறுகி ரோட்டர் புடிச்சுக்கும். வெளிய எடுத்து, எலுமிச்சை உப்புல கழுவி, நல்லதண்ணி பக்கெட்டுல அஞ்சு நிமிசம் ஓட்டி, ரோட்டரைக் கழட்டித் தனியாத் தொடைச்சு நெழல்ல காய வெச்சு எடுத்து வெய்யுங்க. எறக்கற தண்ணிய தென்னைக்கு உடுங்க, அது தாங்கும். ரோசா, மல்லிக்கு வேண்டாம், எலை ஓரமெல்லாம் கருகும்.