விபிஎன் கனெக்டட்னு காட்டுது, ஆனா ஷேர் ஃபோல்டர் திறக்கல: உங்க அனுபவத்தச் சொல்லுங்க

திருப்பூர் சிஸ்டம் ஆளு:
எனக்கு வர்ற கால்ல பாதி இதுதாங்க. விபிஎன் (வீட்ல இருந்து இன்டர்நெட் வழியா ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள போற தனி வழி, அதத்தான் டனல்ங்கிறோம்) கனெக்ட் ஆயிருச்சு, ஆனா ஆபீஸ் ஷேர் ஃபோல்டரைக் காட்டுற இசட் டிரைவ்ல சிவப்பா பெருக்கல் குறி. பனியன் எக்ஸ்போர்ட் ஆபீஸ், மெர்ச்சண்டைசர்ஸ் பாதிப் பேர் வீட்ல இருந்தும் வேலை பாக்குறாங்க, டெக் பேக், காஸ்டிங் ஷீட் எல்லாம் ஆபீஸ் சர்வர்ல இருக்கு. ஒரு மேடம் வீட்ல மட்டும் விநோதமா இருந்துச்சு. மொபைல் ஹாட்ஸ்பாட்ல போட்டா ஃபோல்டர் ஜம்முனு திறக்குது, வீட்டு வைஃபைல போட்டா எரர் 53, பாத் கிடைக்கலங்குது. சரி சர்வருக்கு பிங் (இருக்கியான்னு கேட்டு, பதில் வர்ற நேரத்தக் காட்டுற கமாண்ட்) போடுங்கன்னா ரிப்ளை வருது! அப்புறம்தான் டைமைப் பாத்தேன், 2 மில்லிசெகண்ட். அவங்க வீட்ல இருந்து இன்டர்நெட் வழியா டனல்ல போய்ட்டு வர்றதுக்கு 2 மில்லிசெகண்டா, வாய்ப்பே இல்லீங்க. யார் பதில் சொல்றதுன்னு தேடுனா அவங்க ஹால்ல இருந்த ஸ்மார்ட் டிவி. ஆபீஸ் சர்வர் ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி நம்பர்) 192.168.1.10, வீட்டு ரௌட்டரும் அதே 192.168.1 சீரிஸ், டிவிக்கு அது குடுத்த நம்பரும் 10.

லேப்டாப் பாவம் என்ன பண்ணும், இந்த நம்பர் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்குன்னு நெனச்சு டனல் பக்கமே திரும்பல. பக்கத்து ஊர்ல இருக்கிறவர நம்ம வீட்டு வாசல்ல நின்னு கூப்பிடுற கதைதான். எல்லா டிராஃபிக்கும் விபிஎன் வழியாப் போகட்டும்னு டிக் போட்டாலும் இது சரியாகாது, ஏன்னா ரௌட்டிங் டேபிள்ல (எந்த நம்பருக்கு எந்த வழின்னு லேப்டாப் வச்சிருக்கிற பட்டியல்) சின்ன ரேஞ்சுக்குத்தான் முன்னுரிமை, வீட்டு நெட்வொர்க் ரேஞ்ச் சின்னது. அன்னிக்கு அவசரத்துக்கு அவங்க ரௌட்டர்ல ரேஞ்சை 192.168.77னு மாத்திக் குடுத்தோம். ஆனா ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய் இதப் பண்ண முடியுமா? அதனால ஆபீஸ் ரேஞ்சையே 10ல ஆரம்பிக்கிற ஒண்ணா மாத்திட்டோம். சர்வர மாத்துறது சுலபம்ங்க, பிரிண்டர், கைரேகை மெஷின், சிசிடிவி பெட்டி, எல்லாத்துலயும் ஐபிய கையால அடிச்சு வச்சிருந்தாங்க, அதுதான் சாமி பாடாப் படுத்திருச்சு. புதுசா ஆபீஸ் போடுறவங்க தயவுசெஞ்சு 192.168.0, 192.168.1 ரெண்டையும் தொடாதீங்க, கடைல வாங்குற ரௌட்டர் பாதிக்கு மேல அந்த ரெண்டுலதான் வருது.

மாம்பலம் ஆடிட் ஆபீஸ்:
அண்ணே டிவி பதில் சொன்ன கதை செம. நம்ம ஆபீஸ்ல வேற ரகம். ஐபி போட்டா திறக்கும், சர்வர் பேர் போட்டா திறக்காது. ஆபீஸ்குள்ள இருக்கும்போது பேர் மட்டும் போட்டே பழகிட்டாங்க எல்லாரும், அங்க டிஎன்எஸ்ல (பேரை ஐபியா மாத்திக் குடுக்கிற சர்வர்) இல்லாட்டி கூட விண்டோஸ் பிராட்காஸ்ட் பண்ணி, அதாவது எல்லா மெஷினையும் ஒட்டுமொத்தமாக் கூப்பிட்டு, கண்டுபிடிச்சுக்கும், அந்தக் கூப்பாடு விபிஎன் டனலத் தாண்டிப் போகாது. வீட்ல லேப்டாப் கேக்கிறது உங்க இன்டர்நெட் கம்பெனி டிஎன்எஸ் கிட்ட, அதுக்கு நம்ம சர்வர் பேர் எப்படித் தெரியும்? விபிஎன் செட்டிங்ல ஆபீஸ் டிஎன்எஸ் சர்வரும் டிஎன்எஸ் சஃபிக்ஸும் (பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கிற டொமைன் பேர்) குடுத்த பிறகு சரியாப் போச்சு. அது கைல இல்லாதவங்க டொமைனோட சேத்து முழுப் பேரா அடிச்சுப் பாருங்க, அதுலயே நிறைய பேருக்கு வேலை முடிஞ்சிடும்.

சில பேர் லேப்டாப்லயே இருக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல சர்வர் பேரையும் ஐபியையும் எழுதி வைப்பாங்க. அன்னிக்கு வேலை நடக்கும், நாளைக்கு சர்வர் ஐபி மாறுனா எந்த லேப்டாப்ல யார் எழுதுனாங்கன்னு தேடித் திரியணும், எனக்குப் பிடிக்காது. இன்னொண்ணு, எக்ஸ்ப்ளோரர்ல இடது பக்கம் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கே, அதைத் திறந்து வச்சிக்கிட்டு சர்வர் வரலையே வரலையேன்னு உக்காந்திருப்பாங்க. விபிஎன்ல அந்த லிஸ்ட் வராது, வரணும்னு அவசியமும் இல்ல. அட்ரஸ் பார்ல பாத்தை அடிங்க போதும்.

நைட்ஷிப்ட் சப்போர்ட்:
பேர் ஓகே, ஐபி ஓகே, ரூட் ஓகே, ஆனா உள்ள நுழையும்போது பாஸ்வேர்ட் தப்புங்கும், சரியாத்தான் அடிக்கிறோம்னு யூசர் கோவப்படுவார், கொஞ்ச நேரத்துல டொமைன் அக்கவுண்டே (ஆபீஸ் லாகின்) லாக் ஆகிடும். இத அனுபவிச்சவங்க கை தூக்குங்க. விண்டோஸோட சொந்த விபிஎன் கிளையன்ட் யூஸ் பண்றவங்களுக்குத்தான் இது வரும். விபிஎன் லாகினுக்குக் குடுத்த யூசர்நேம் பாஸ்வேர்டையே விண்டோஸ் கமுக்கமா எடுத்துட்டுப் போய் ஃபைல் சர்வர் கிட்டயும் நீட்டும். விபிஎன் லாகின் ரௌட்டர்ல போட்ட தனி யூசரா இருந்தா சர்வர் அவனை யாருன்னே தெரியாதுங்கும். பேர் ஒண்ணா இருந்து, விபிஎன்ல பழைய பாஸ்வேர்ட் சேவ் ஆகியிருந்தா இன்னும் மோசம், ஒவ்வொரு முயற்சியும் தப்பான பாஸ்வேர்டா கணக்காகி லாக் ஆகிடும்.

மருந்து: ராஸ்ஃபோன் பிபிகேன்னு ஒரு ஃபைல், யூசரோட ஆப்டேட்டா ரோமிங்ல மைக்ரோசாஃப்ட், நெட்வொர்க், கனெக்ஷன்ஸ், பிபிகேன்னு உள்ள போனா இருக்கும். நோட்பேட்ல திறந்து யூஸ்ராஸ்கிரெடென்ஷியல்ஸ்னு இருக்கிற வரில 1ஐ 0 ஆக்கிட்டு, விபிஎன்ன டிஸ்கனெக்ட் பண்ணித் திரும்பக் கனெக்ட் பண்ணுங்க. இது எந்த செட்டிங்ஸ் ஸ்கிரீன்லயும் கண்ணுக்குப் படாத இடத்துல ஏன் வச்சாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குக் கடுப்பு.

திருப்பூர் சிஸ்டம் ஆளு:
இதோட எரர் 1219ம் சேத்துக்கோங்க. ஒரே சர்வர்ல ஒரு ஃபோல்டர ஒரு யூசர் பேர்லயும் இன்னொண்ண வேற பேர்லயும் திறக்கப் போனா விண்டோஸ் ஒத்துக்காது. கமாண்ட் பிராம்ப்ட்ல நெட் யூஸ் போட்டு என்னென்ன தொங்குதுன்னு பாத்து டெலிட் பண்ணிட்டு, கிரெடென்ஷியல் மேனேஜர்லயும் பழசத் தூக்குனாதான் தீரும்.

கும்பகோணம் ஃப்ரீலான்ஸ்:
நான் பாக்குறது சின்ன ஆபீஸ்கள், சர்வர்னா ஏசி ரூம்ல இருக்கும்னு இல்ல, மூலைல ஒரு பழைய பிசி, அதுல ஒரு ஃபோல்டர ஷேர் போட்டு வச்சிருப்பாங்க. ஆபீஸ்குள்ள எல்லாருக்கும் திறக்கும், விபிஎன்ல வர்றவங்களுக்கு மட்டும் திறக்காது. காரணம் அந்த பிசியோட விண்டோஸ் ஃபயர்வால். ஃபைல் ஷேரிங் ரூல் பிரைவேட் புரொஃபைல்ல லோக்கல் சப்நெட்டுக்கு (அதே ஐபி ரேஞ்சுல இருக்கிறவங்களுக்கு) மட்டும்தான் அனுமதிக்கும், விபிஎன்காரங்களுக்கு ரௌட்டர் குடுக்கிறது வேற ரேஞ்ச், அதனால வெளியாள்னு தள்ளிடும். அந்த ரூலோட ஸ்கோப்ல விபிஎன் ரேஞ்சை சேத்தா முடிஞ்சது. சந்தேகம் இருந்தா பவர்ஷெல்ல டெஸ்ட் நெட்கனெக்ஷன் போட்டு ஃபைல் ஷேரிங் நடக்கிற போர்ட் 445 திறந்திருக்கான்னு பாருங்க, பிங்க வச்சு முடிவு பண்ணாதீங்க. பிங் வந்து 445 வராமலும் இருக்கும், பிங் வராம 445 வேலை செய்யவும் செய்யும்.

நிறைய பேர் ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிடுவாங்க. அதையாவது ஒரு கணக்குல மன்னிக்கலாம், ஒரு இடத்துல விபிஎன் தொல்லையே வேணாம்னு ரௌட்டர்ல 445ஐ நேரா இன்டர்நெட்டுக்கே ஃபார்வர்ட் பண்ணி வச்சிருந்தாங்க, பாத்ததும் வயித்தக் கலக்கிடுச்சு. 2017 மே மாசம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை உலகம் பூரா பரவுனது இந்த போர்ட் வழியாத்தான்.

பெங்களூர் பையன்:
எனக்கு வந்தது ஆளக் குழப்புற வகை. ஃபோல்டர் திறக்குது, லிஸ்ட் வருது, சின்ன டெக்ஸ்ட் ஃபைல் காப்பி ஆகுது, 20 எம்பி பிடிஎஃப் போட்டா கொஞ்சம் போய் நின்னுடும், அப்புறம் எக்ஸ்ப்ளோரரே தொங்கும். எம்டியு, அதாவது ஒரே தடவைல போகக்கூடிய பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ், அந்த மேட்டர். சாதாரண ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட், வீட்டு ஃபைபர் பிபிபிஓஇன்னா (யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு கனெக்ட் ஆகுற முறை) 1492, அதுக்கு மேல விபிஎன் தன்னோட உறையச் சுத்துது, பெரிய பாக்கெட் வழில எங்கயோ காணாமப் போகுது, சின்னது மட்டும் தப்பிச்சுடுது. துண்டாக்காதேன்னு சொல்ற ஆப்ஷனோட பிங் போட்டு சைஸை 1472ல இருந்து குறைச்சுக்கிட்டே வாங்க, எது போகுதோ அதோட 28ஐக் கூட்டுனா உங்க எம்டியு. எனக்கு விபிஎன் அடாப்டர்ல 1350 வச்சதும் காப்பி ஓட ஆரம்பிச்சது. வயர்கார்ட்னு ஒரு விபிஎன் சாஃப்ட்வேர், அது தானாவே 1420ல வரும், அதுவும் பத்தாத லைன் இருக்கு, குறைச்சுப் பாருங்க.

நாஸ் பெட்டி வச்சிருப்பவர்:
விபிஎன் மேல பழி போடுறதுக்கு முன்னாடி லேப்டாப் அப்டேட் ஆச்சான்னு கேளுங்கப்பா. விண்டோஸ் 11 24எச்2 வந்ததுல இருந்து புரோ எடிஷன்ல எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் ஷேரிங் முறை) சைனிங், அதாவது ஒவ்வொரு மெசேஜுக்கும் டிஜிட்டல் கையெழுத்து, கட்டாயம், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேரையும் ஏத்துக்காது. ஆபீஸ் நாஸ்ல (நெட்வொர்க்ல மாட்டுற ஸ்டோரேஜ் பெட்டி) கெஸ்ட் ஷேர்னு விட்டிருந்தாங்க, ஒருத்தர் வீட்ல இருக்கும்போது அப்டேட் ஆகிடுச்சு, விபிஎன் போச்சுன்னு ஒரே சத்தம். லேப்டாப்ப ஆபீஸ்க்கு எடுத்துட்டு வந்து வயர் போட்டாலும் திறக்கல. நாஸ்ல யூசர் போட்டு பாஸ்வேர்ட் குடுத்ததும் வீட்ல இருந்தும் திறந்துச்சு.

டொராண்டோ கணக்காளர்:
நான் வேலை செய்யிறது டொராண்டோவில ஒரு கணக்காளர் அலுவலகத்தில. ஊருக்கு யாழ்ப்பாணம் போய் நிண்டபோது அங்க இருந்தும் வேலை செய்தனான். மேல சொன்ன ஒரு பிரச்சினையும் இல்லை, எல்லாம் சரியாத்தான் திறக்குது, ஆனா ஒரு எக்செல் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வரலாம். ஸ்பீட் டெஸ்ட் பாத்தா நல்ல வேகம் காட்டுது. பிங் பாத்தா 250 மில்லிசெகண்டுக்கு மேல. ஃபைல் ஷேரிங் எண்டது ஒரு ஃபைல் திறக்கவே சர்வரோட கனதரம் போய் வந்து கதைக்கும், 400 தரம் போய் வந்தா அதிலயே 100 செக்கன். லைன் வேகத்தைக் கூட்டி இது தீராது. நான் பிறகு ஃபோல்டரைத் தொடாமல் அலுவலகக் கம்ப்யூட்டருக்கே ரிமோட் டெஸ்க்டாப் போட்டு வேலை செய்தன், திரைப் படம் மட்டும்தானே வருது, பரவாயில்லாமல் இருந்தது.

சேலம் அக்கவுண்ட்ஸ்:
சார் ஒரு டவுட். நாங்க டேலி டேட்டா ஃபோல்டர விபிஎன்ல மேப் பண்ணி வீட்ல இருந்து என்ட்ரி போடுறோம், ரொம்ப ஸ்லோ, நடுவுல நெட் கட் ஆனா டேலி எரர் அடிச்சு மூடிக்குது. எம்டியு மாத்துனா சரியாகுமா?

மாம்பலம் ஆடிட் ஆபீஸ்:
எம்டியு இருக்கட்டும், மொதல்ல அந்த மேப்பிங்க எடுங்க. டேட்டா ஃபைல்ல எழுதிட்டு இருக்கும்போது லைன் அறுந்தா டேட்டா கெட்டுப் போக வாய்ப்பிருக்கு, மார்ச் மாசம் அது நடந்தா உங்க ஆடிட்டர் உங்கள விடமாட்டார். டொராண்டோ அண்ணா சொன்ன மாதிரி ரிமோட் டெஸ்க்டாப்தான் இதுக்கு. ஆபீஸ் பிசி விண்டோஸ் புரோ எடிஷனா இருக்கணும், ஹோம்ல வெளில இருந்து உள்ள வர விடாது. நீங்க உள்ள நுழைஞ்சா அந்த பிசி முன்னாடி இருக்கிறவருக்கு ஸ்கிரீன் லாக் ஆகிடும், அதனால யாரும் உக்காராத பிசியா பாத்து வைங்க.

சேலம் அக்கவுண்ட்ஸ்:
ஒரு பிசி சும்மாதான் கிடக்கு சார், ஆனா ஹோம் எடிஷன். திங்கக்கிழமை ஓனர்கிட்ட புரோ லைசென்ஸ் கேக்கிறேன், அதுவரைக்கும் பேக்கப் எடுத்து வச்சுக்கிறேன்.