புதுக்கோட்டைக்கு எம்.பி. தொகுதி இல்லாமல் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது?

நானே தொடங்குகிறேன். 2009 மே 13, நாடாளுமன்றத் தேர்தல். புதுக்கோட்டை டவுனில் எங்கள் வாக்குச்சாவடிக்குப் போய், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சார், நான் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை, 49-ஓ பதிவு செய்யுங்கள்" என்றேன். அப்போது நோட்டா பொத்தான் கிடையாது, அது 2013 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது. 49-ஓ என்றால் அதிகாரி நம் பெயருக்கு நேரே குறிப்பு எழுத வேண்டும், அதற்குப் பக்கத்தில் நாம் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும், ஏஜெண்டுகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்று கை நடுங்கியது, ஆனாலும் போட்டேன்.

கோபம் வேட்பாளர்கள் மேல் இல்லை. 1952இல் முத்துசாமி வல்லத்தரசு ஜெயித்த தொகுதி இது. 1962இலும் 1967இலும் உமாநாத், அப்புறம் மூன்று முறை சுந்தரராஜ், 1996இல் திருச்சி சிவா, 1999இல் திருநாவுக்கரசர், 2004இல் ரகுபதி. அதோடு முடிந்தது. 2008இல் அமலுக்கு வந்த தொகுதி மறுவரையறை எங்கள் மாவட்டத்தை நான்காகப் பிரித்துவிட்டது: புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு.

இந்தக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு எம்.பி. தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். எங்கள் மாவட்டத்திலும் சரியாக ஆறு. 2001 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 14.6 லட்சம், மாநிலச் சராசரி ஒரு தொகுதிக்கு 16 லட்சம். இந்த ஒன்றரை லட்சத்துக்காகவா ஒரு மாவட்டத்தை நாலு துண்டாக்குவது? எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நாகர்கோவில் போய் கன்னியாகுமரி வந்தது, சிவகாசி போய் விருதுநகர் வந்தது. எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை. 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்த ஊர் இது, 1974இல் தனி மாவட்டமும் வாங்கியது.

நீங்களும் எழுதுங்கள்.

*ஆலங்குடியிலிருந்து, ஆசிரியை*

அண்ணே, எனக்குத் தேர்தல் பணியில்தான் இது உறைத்தது. 2004இல் ஓட்டு ஆலங்குடியில், பணி புதுக்கோட்டை டவுனில். ஒரே எம்.பி. தொகுதி என்பதால் இ.டி.சி. என்ற தேர்தல் பணிச் சான்றிதழைக் காட்டி, பணி பார்த்த சாவடியிலேயே மெஷினில் போட்டுவிட்டேன். 2014இலும் அதே டவுனில்தான் பணி, ஆனால் டவுன் திருச்சித் தொகுதி, என் ஓட்டு சிவகங்கை. இ.டி.சி. செல்லாது, தபால் ஓட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். தபால் ஓட்டு கைக்கு வருமா என்று அந்த வாரம் முழுக்க அலைந்தேன். பேருந்தில் அரை மணிக்குச் சற்று மேலே ஆகும் ஊர்களுக்கு நடுவில் இப்படி ஒரு எல்லைக்கோடு.

*விராலிமலை*

எங்களுக்குத் திருச்சி கூப்பிடுதூரம். ஆஸ்பத்திரி, காலேஜ், வேலை எல்லாமே அங்கேதான். எம்.பி. மட்டும் கரூர். ஒரு தடவை எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் மனுவோடு திருச்சி எம்.பி. அலுவலகத்துக்கே போய்விட்டார்கள். அங்கே இருந்தவர் பொறுமையாக விசாரித்துவிட்டு "நீங்க கரூர் தொகுதி ஐயா" என்றிருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை. போனவர்கள் எல்லாரும் படித்தவர்கள், அவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

*அறந்தாங்கி*

திருநாவுக்கரசர் எங்கள் ஊரில் பல முறை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2009இல் அவரே ராமநாதபுரம் வேட்பாளராக எங்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தார். 2019இல் திருச்சி வேட்பாளராகி டவுன்காரர்களிடம் கேட்டு ஜெயித்தார். ஒரே மாவட்டத்து மனிதர் இரண்டு தொகுதிக்கு அலைந்ததைப் பார்த்த எங்கள் அப்பா, "நம்ம ஊரு இருந்த இடத்துலதான்டா இருக்கு, கோடுதான் நகர்ந்துபோச்சு" என்றார்.

*மறுபடியும் நான்*

அக்கா, தபால் ஓட்டு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இன்னொன்றும் உண்டு. எங்கள் கலெக்டர் எந்த எம்.பி. தொகுதிக்கும் தேர்தல் நடத்தும் அதிகாரி இல்லை, அதனால் வேட்புமனுவும் இங்கே தாக்கல் ஆவதில்லை. சின்ன விஷயம்தான். ஆனால் காவிரி-வைகை-குண்டாறு கால்வாய் மாதிரி மாவட்டம் முழுக்கத் தேவைப்படும் ஒன்றுக்கு நாலு எம்.பி.க்களிடம் நாலு மனு கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நாலையும் தன் கையால் எழுதி வைத்திருந்தார், கார்பன் வைத்து எடுத்தால் மரியாதையாக இருக்காது என்று. அதில் இரண்டை நான்தான் ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தேன்.

திருமயம், கந்தர்வக்கோட்டைக்காரர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.